ஏழாம் பக்கம்

ஃபாதர் வஸ்தியாம்பிள்ளைக்குப் பிரசங்கம் வராது.
அவரே சொல்வார், சிரிக்காமல்.
ஞாயிறு பூசையில் ஏழு நிமிடம் பேசிவிட்டு
கடைசி வாங்கில் தூங்குகிறவரைப் பார்த்துத்
தன் கொட்டாவியையும் விழுங்கிக்கொள்வார்.
திங்கட்கிழமை, புளியந்தீவில்
வலை விற்கும் கடைக்கு மேலே
‘கரைவிளக்கு’ அலுவலகத்தில்
அதே மனிதர்
ஒரு காற்புள்ளிக்காக என்னோடு அரைமணி நேரம் சண்டை பிடிப்பார்.

பிழை திருத்தப் போனவள் நான். சைவம்.
முதல்நாள் திருநீற்றைத் துடைத்துவிட்டுப் படியேறினேன்.
“ஏன் புள்ள, நெத்தி வெறுமையாக் கிடக்கு,
தலைப்பில்லாத பத்திரிகை மாதிரி?”
பிறகு துடைக்கவில்லை.

மாதம் இருமுறை. எட்டுப் பக்கம்.
ஆயரின் மடல், புனிதர் சரிதம்,
வாகரையில் ஞானஸ்நானம்,
கோயில் கூரைக்கு ஐந்து ரூபாய் தந்தவர் வரை
பெயர் பெயராக.
கடதாசி இல்லாத மாதங்களில்
பள்ளிக்கூடக் கொப்பித் தாளில் அடித்தோம்.
அந்தோனியார் முகத்துக்குக் குறுக்கே
நீலக் கோடுகள் ஓடின.

தொண்ணூறாம் ஆண்டு ஆனியில்
மின்சாரம் போனது. தபால் போனது.
பிறகு ஆட்கள்.
கோயிலுக்குப் போகாமல்
பெண்கள் ஏன் எங்கள் படியில் வந்து குந்துகிறார்கள் என்று
முதலில் எனக்கு விளங்கவில்லை.
செய்தியாகப் போட்டால்
மறுநாள் கதவு இருக்காது.
ஃபாதர் லாம்பைக் கிட்ட இழுத்து வைத்து
ஏழாம் பக்க மூலையில் கிடந்த
‘செபக் கருத்துகள்’ பத்தியைத் திறந்தார்.

திரேசம்மாவின் மூட்டுவலிக்காக,
சோதனை எழுதும் பிள்ளைகளுக்காக,
கந்தப்போடி நவரெத்தினராசாவுக்காக,
வயது இருபத்துமூன்று, நீலச் சாரம், வலையிறவுப் பக்கம்,
மீராலெப்பை கச்சிமுகம்மதுவுக்காக,
சைக்கிளோடு, ஏறாவூர்,
செபிப்போம்.

முதல் இதழில் ஆறு பெயர்.
மார்கழியில் ஏழாம் பக்கம் போதவில்லை.
ஆறாம் பக்கத்துப் புனிதர்
இடம் விட்டுக் கொடுத்தார்.

ஒரு அதிகாரி வந்தார், மொழிபெயர்க்க ஒரு பையனோடு.
விரலை வைத்து, “இது யார்?”
“செபம்.”
“இது?”
“அதுவும் செபம்.”
“இந்தச் சின்ன ஊரில் இவ்வளவு செபமா?”
ஃபாதர் பேசவில்லை.
அங்கிப் பைக்குள் அவர் விரல்கள்
என் சிவப்புப் பேனையின் மூடியை உருட்டிக்கொண்டிருந்தன.

திரும்பி வந்தால்
‘நன்றியறிதல்’ பத்திக்கு மாற்றுவது விதி.
பதினேழு வருடத்தில் மூன்று தடவை மாற்றினேன்.
மூன்றாவது ஆள் வந்தார், இன்னும் பேசுவதில்லை.

ஒருமுறை பிழை விட்டேன்.
படுவான்கரையிலிருந்து
வள்ளத்தில் வாவி கடந்து ஒரு தாய் வந்தாள்.
எழுத்தறியாதவள். யாரோ வாசித்துக் காட்டியிருக்கிறார்கள்.
மடிக்குள்ளிருந்து இதழை எடுத்து மேசையில் விரித்தாள்.
“என்ட மகன் பரமக்குட்டி இல்ல, பரசுக்குட்டி.
பிழையான பேருல கேட்டா
ஆண்டவர் வேற ஊட்டுக்கல்லோ போவாரு.”

ஃபாதர் எழும்பி நின்றார்.
ஆயர் வந்தபோதும் அவ்வளவு விரைவாய் எழும்பியதில்லை.
அடுத்த இதழில் முதற்பக்கம்,
ஆயரின் மடலுக்கும் மேலே, கட்டம் கட்டி:
திருத்தம்.
பரசுக்குட்டி என வாசிக்கவும்.
ஆண்டவரும் வாசகரும் பொறுத்தருள்க.

இரண்டாயிரத்து ஏழில்
சர்க்கரை வியாதி அவர் காலை எடுத்தது,
மாரியில் மிச்சத்தை.
மேசை லாச்சிக்குள்
தன் மரண அறிவித்தலைத் தானே எழுதி வைத்திருந்தார்.
நான்கு வரி. திகதிக்குப் புள்ளிகள்.
‘அயராது’ என்று எழுதி வெட்டியிருந்தார்.
ஓரத்தில் சாய்ந்த எழுத்து:
“புள்ள, இடம் காணாட்டி என்னக் குறை.
ஏழாம் பக்கத்தில கைவைக்காத.”

இடம் காணவில்லைதான்.
அவர் பிறந்த ஊரை எடுத்தேன்.
பரசுக்குட்டி இருக்கிறான் அப்படியே,
வயது பத்தொன்பது.